இருபத்திநாலு டிகிரி

ரோலாவிலிருந்து பஸ். வெள்ளிக்கிழமை.
விசிட் விசாவில் இன்னும் பதிமூன்று நாள்.
டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறு;
உள்ளே கொண்டுபோகக் கூடாதென்று
கறாராய்ச் சொன்ன நேபாளத்துப் பையன்
இவரைப் பார்த்ததும் "சீனி பாய் ஃபேமிலி!" என்று
பாக்ஸை வாங்கி மேசைக்கடியில் ஒளித்தான்.

மூன்று வருஷமாய் இங்கேதான் வேலை.
முன்வாசல் இவருக்கும் புதிது.
டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றார்.
பின்பக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடப்பாராம்:
பம்ப், குழாய், உப்புமூட்டை, சில்லர்,
இரும்பு ஏணி ஏறினால் தொட்டியின் வாய்.
மேலிருந்து பார்த்தால்
சுறாவும் ஓடுகிற நிழல்தான் என்றார்.

ருக்கையா கண்ணாடியில் இரண்டு விரல் வைத்து
அகட்டினாள்.
மீன் பெரிதாகவில்லை.
மறுபடி அகட்டினாள்.
போனில் வாப்பாவின் மூக்கை
அப்படித்தான் பெரிதாக்கிச் சிரிப்பாள்.

எனக்கு வேறு கவலை.
பலகை ஹமூர் என்றதை
நான் களவா என்று வாசித்தேன்.
நாலு கிலோ தேறும். தலை ஆணத்துக்கு.
"மெதுவா, அதுகளுக்குக் கேட்டுறப் போவுது" என்றார்.
திருக்கை வயிற்றைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு போனது.
கீழக்கரையில் பூண்டு போட்டுப்
பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்போம்;
இங்கே அதற்குப் பேர் வைத்துப்
பிறந்தநாளும் எழுதியிருக்கிறார்கள்.

சுரங்கப் பாதை. தலைக்கு மேல் தண்ணீர்.
அங்கே நின்றுவிட்டார்.
மணலில் படுத்துக் கிடந்த பழுப்புச் சுறாவைக் காட்டி
"இதுதான்" என்றார்.
"எது?"
"போன ஜூலையில. இவ பொறந்தநாள் அன்னிக்கு."

அன்று ராத்திரி பதினேழு தடவை கூப்பிட்டேன்.
பிள்ளை கேக்கை வெட்டாமலே தூங்கிப்போனாள்.
மறுநாள் நெட் இல்லை என்றார்.
மூணு நாள் நான் பேசவில்லை;
மனசுக்குள் எவளோ ஒருத்திக்குச்
சேலை கட்டி, பேர் வைத்து,
வைதும் முடித்திருந்தேன்.

சில்லர் நின்றுபோயிருக்கிறது.
இருபத்திநாலில் இருக்கவேண்டிய தண்ணீர்
இருபத்தொன்பது. வெளியே நாற்பது.
போனை லாக்கரில் போட்டுவிட்டு
இவரும் இன்னும் இரண்டு பேரும்
விடிய விடிய ஐஸ் பைகளைச் சுமந்து
ஏணியில் ஏறி, இறங்கி, ஏறி.
"இது மட்டும் அசையவே இல்ல. போச்சுன்னு நெனச்சேன்.
சுபுஹுக்கு வாலை ஆட்டுச்சு."
"அதை ஏன் சொல்லலை?"
"மீனுக்காகன்னு சொன்னா சிரிப்பே."

சக்களத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
மூக்கடியில் இரண்டு மீசை. பொட்டுக் கண்.
சரியான சோம்பேறி.
அழகியும் இல்லை.
அது செவுளை ஒருதரம் திறந்து மூடியது.
"சலாம் சொல்லு" என்றேன் ருக்கையாவிடம்.
சொன்னாள்.

வெளியே, வளைப்புக்குள் நாலு மான்.
குளிர்காற்று வரும் குழாய்க்கருகே
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
கம்பிக்கு இந்தப் பக்கம்
நாங்களும் அங்கேயே போய் நின்றோம்.

கார் நிறுத்துமிடத்தில், சுவர் நிழலில், சோறு.
சின்னவன் அஸ்கரிடம் எது பிடித்தது என்று கேட்டோம்.
காருக்கடியில் கிடந்த பூனையைக் காட்டினான்.
அறுபது திர்ஹம், என்றார் இவர்,
பூனைக்கு ஒரு பிடி சோறு வைத்தபடி.
அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இரவு. பார்ட்டிஷன் அறையில் நாலு பேர்.
பழைய ஏசி இரைந்தது.
இருட்டில் கையை நீட்டிப்
பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
"எத்தனை டிகிரி?" என்றேன்.
தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.
பதில் சொல்லவில்லை.
எழுந்து, ஸ்டூலில் ஏறி,
மணி ஒன்றரைக்கு
பில்டரைக் கழற்றிக் கழுவப் போனார்.