கடன் கொப்பி

சங்கானைச் சந்தியில் றோட்டுப் போட வந்தவைக்கு
ஒன்பது மாதம் என்ர கடைச் சாப்பாடுதான்.
பேர் தெரியாது. கொப்பியில
றோலர், தார்வாளி, மீசை எண்டு எழுதினன்.
வெளிநாட்டுக் காசு இறங்கினா
ஒண்டாத் தாறம் எண்டார் கொந்துறாத்துக்காரர்.
ஒருநாள் விடிய மெஷினுகள் இல்லை.

இப்ப றோட்டு கண்ணாடி.
வான்காரர் பிறேக் பிடிக்கிறேல்லை;
பொரிச்ச வாய்ப்பன் பின்னேரம் மாட்டுக்கு.

பலகையில இரண்டு கொடி,
கடன் தொகை, இருபத்தைஞ்சு வருசத் தவணை.
ஆர் கட்டுறதெண்டு இல்லை.

போன கிழமை மீசை வந்தான்,
குருநாகலிலயிருந்து, மோட்டார் சைக்கிளில.
தன்ர ஆயிரத்து நூற்றி நாற்பதை எண்ணி வைச்சிட்டு
தெரிஞ்ச தமிழில கேட்டான்:
"றோட்டு நல்லம்தானே அக்கா?"

நல்லம் எண்டன். நல்லம்தான்.
அவன்ர வரியை வெட்டினன்.
மிச்சப் பக்கம்
அப்பிடியே கிடக்குது.