நூறு கிலோவுக்கு மூன்று குறைவு

சீனக்குடா மாவு ஆலையில்
மூட்டை நிறுக்கிற தராசுக்கு நான் கிளாக்கர்.
ஒஸ்மண்ட் பார்த்தலட்டை முதன்முதல் நிறுத்தவனும் நான்தான்:
இரண்டு மூட்டைக்கு மூன்று கிலோ குறைவு.
"ஹெவிவெயிட்" என்றேன், பேப்பரில் படித்த சொல்.
"அதுக்குச் சம்பளம் கூடவோ?" என்றான்.

பாலையூற்றில், லொறி திருத்துகிற கொட்டிலில்,
ஈரமணல் அடைத்த உரப்பையைத் தொங்கவிட்டோம்.
அவன் அடிக்க அடிக்கக் கூரையிலிருந்து
எப்போதோ செத்த ஓணான்கள் விழுந்தன.

முதல் தேசியப் போட்டி. இரவு ரயில், மூன்றாம் வகுப்பு.
அவனுக்கு ஒன்றரை ஆளின் இடம், எனக்கு அரை.
கொழும்பில் சிவப்புப் பனியன், தலைக்கவசம்,
பன்னிரண்டு அவுன்ஸ் கையுறை எல்லாம் மாட்டி
ஏறி நின்றான்.
நீல மூலை காலி.
அந்த எடைக்கு நாட்டிலேயே ஐந்தாறு பேர்தான்;
ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு லீவு கிடைக்கவில்லை.
நடுவர் இவன் கையைத் தூக்கினார்.
தங்கம்.

டல்சி கேட்டாள்: "ஆரை அடிச்சனீங்கள்?"
"ஒருத்தரும் வரேல்லை."
பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினார்கள், சிங்கம் என்று எழுதி.
பதக்கத்தை மூட்டைத் தராசில் வைத்துப் பார்த்தோம்.
முள் அசையவில்லை.

அடுத்த வருடமும் அப்படியே.
மூன்றாம் வருடம் தியத்தலாவையிலிருந்து
ஒரு சிப்பாய் வந்துவிட்டான்.
ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.
விழுந்தவனின் பல்கவசம் தெறித்து வந்து
என் வாளிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு கிடந்தது.
வென்ற கை
கல்லோயாச் சந்தி தாண்டியும் நடுங்கியது.
அதை மடியில் வைத்து
மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தான்,
சந்தையில் வாங்கிய கோழியைப் போல.

பிறகு பாங்கொக்கிலிருந்து போன்.
செவ்வாய் கூப்பிட்டால் சனி சண்டை.
பனியன் இல்லை, தலைக்கவசம் இல்லை,
கையுறையில் இரண்டு அவுன்ஸ் குறைவு. இனித் தொழில்.
ஹோட்டல் மண்டபச் சுவரில் ஒட்டிய பட்டியலில்
உள்ளூர்ப் பையன்களுக்கெல்லாம் பெயர் இருந்தது.
அவன் இருக்கவேண்டிய இடத்தில் 'எதிராளி' என்று மட்டும்.
"பாத்தியா வாளி," என்றான்,
"அண்டைக்கு வராதவன் இப்ப வந்திட்டான்."

நானூறு டொலர். தோற்றாலும் நானூறு.
தோற்கத்தான் நானூறு என்று ஒருவரும் சொல்லவில்லை,
சொல்லவேண்டியிருக்கவில்லை.
ஒன்பது சண்டை, ஒன்பது தோல்வி.
புருவம் வீங்கினால் அழுத்துவதற்கு
ஆலைத் தராசின் அரைக்கிலோ எடைக்கல்லைக் கொண்டுபோவேன்,
ஐஸுக்குள் மீனைப் போலப் புதைத்து.
திரும்பியதும் கல் ஆலைக்கு, டொலர் டல்சிக்கு,
பிறகு தகரமாகி அவர்கள் கூரைக்கு.

பத்தாவது சண்டை. ஆறு சுற்றில் ஐந்து முடிந்து
ஸ்டூலில் வந்து விழுந்தான்.
எதிரே இருபத்திரண்டு வயது, தோல்வி காணாதவன்,
அவனுடைய அடுத்த வருடத்துக்கும்
யாரோ டிக்கெட் விற்றுவிட்டார்கள்.
"இவனுக்குக் காலில்லை வாளி. தொட்டா விழுவான்."
எடைக்கல்லைப் புருவத்தில் அழுத்தியபடி
நான் சொன்னது இதுதான், மறைக்கவில்லை:
"கூரை பாதிதான் மச்சான் போட்டிருக்கு."
தலையாட்டினான்.
கொப்பளித்து வாளியில் துப்பினான், பாதி இரத்தம்.
எழுந்து போய்
இடது கையால் ஒன்றே ஒன்று.

மண்டபத்தில் கைதட்டல் இல்லை.
வாளிக்குள் ஐஸ் உடைவது எனக்குக் கேட்டது.

திரும்பும் விமானத்தில் அவன் கை நடுங்கவில்லை.
நான்தான் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெல்கிற எதிராளியை ஆர் கூப்பிடுவான்?
ஒரு செவ்வாய், இன்னொரு செவ்வாய்,
பிறகு கிழமைகளை எண்ணுவதை விட்டோம்.
இப்போது மூட்டை தூக்குகிறான்;
மாவு படிந்து தழும்பு தெரிவதில்லை.

மாரி பிடித்துவிட்டது.
மழை பெய்தால் அவன் வீட்டில் பாதிக்கு மட்டும் தகரச் சத்தம்,
மற்றப் பாதி கிடுகு.
ஒழுகுகிற அந்தப் பாதிக்குக் கீழேதான் பாயை விரித்து
நல்லாய் நித்திரை கொள்கிறான்
என்கிறாள் டல்சி.