எங்கே நிற்கிறாய்

மதியம் ஒன்றரை. பம்பலப்பிட்டி, நாலாம் மாடி.
சோற்றுப் பார்சலை விரிக்க முதலே கேட்டுவிடுவாள் சஹ்மியா:
"எங்க நிக்கிறாய்?"
அவள் கேட்பது என் வேலையை அல்ல,
வீட்டுக்கடனை அல்ல.
பனிமலையை.

இன்னும் பாலத்தடியில்தான், என்பேன்.
மூன்று இரவாகத் தபால் பையோடு நிற்கிறேன்.
எதிரி என்று ஒருவரும் இல்லை அந்த விளையாட்டில்,
காற்று மட்டும்.
பொத்தானை அமத்திப் பிடித்தால் நடப்பான் தபால்காரன்,
விட்டால் குந்திவிடுவான்.
பனிக்குள் கால் புதையும் அந்தச் சத்தத்துக்காகவே
இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்கிறேன்.
ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, முதுகு நனைகிறது,
வெள்ளவத்தையில் ஒருத்தி
நள்ளிரவில் விறகு தேடுகிறாள்
குளிருக்கு.

சஹ்மியா இருப்பது கடலுக்கடியில்.
மூழ்கிப்போன நகரம் ஒன்றாம்.
"கதை சுமார். தண்ணி மட்டும்
அப்பிடியொரு தண்ணி" என்பாள் பருப்பைக் குழைத்தபடி.
மூச்சு தீர முதல் மேலே வரவேண்டும். வரமாட்டாள்.
பள்ளிக்கூடம் ஒன்றைக் கண்டிருக்கிறாள்,
மேசைகளுக்கு மேலால் திருக்கைகள் போகுதாம்,
கரும்பலகையில் பாதிக் கணக்கு இன்னும் இருக்குதாம்.
விடையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றதில்
நாலு தரம் செத்தாளாம்.
யன்னலுக்கு வெளியே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
நிஜக் கடல் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது.
நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெனெத் லொறி ஓட்டுகிறான்.
முந்தாநாள் ஏதோ ஒரு நாட்டு எல்லையைத் தாண்டினானாம்
பன்னிரண்டு தொன் தக்காளியோடு.
சிவப்பு விளக்கில் நிற்கிறான், தண்டம் கட்டுகிறான்,
தூக்கம் வந்தால் ஓரமாய் நிறுத்திப் படுக்கிறான்.
காலி வீதியில் ஒரு மணித்தியாலம் இறுகிக் கிடந்துவிட்டு
வீட்டுக்குப் போய் மறுபடி ஓட்டமா, என்று சிரித்தோம்.
அவனுக்கு வரும் அரைகுறைத் தமிழில் சொன்னான்:
"அங்க கியூ இல்ல. டேங்க் நிறைய அடிக்கலாம்."
ரெண்டு நிமிசம் ஒருவரும் பேசவில்லை.
பெற்றோல் வரிசையில் மூன்று இரவு
முச்சக்கரவண்டிக்குள் மடிந்து படுத்தவன் அவன்,
மாமாவுக்குப் பதிலாக.

அனோஜிதன் கொட்டாஞ்சேனைப் பெடியன்,
வேலைக்கு வந்து நாலு மாதம்.
"இதையொருக்கா விளையாடிப் பாருங்கோ அக்கா,
சும்மா மிரட்டும்" என்று ஒரு யுத்தம் தந்தான்,
கீறல் விழுந்த பெட்டியில்.
சனிக்கிழமை போட்டேன்.
ஒரு தெரு. மண்மூட்டை. தார்ப் பீப்பாய்கள்.
குறுக்கே ஒரு தடி.
ஓடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன்.
கட்டைவிரல் தானாகவே எழும்பிவிட்டது,
இடது கை கொன்ட்ரோலரை விட்டு மடியில் எதையோ தேடியது.
டோர்ச் அடிக்க அங்கே ஆளில்லை.
ஐ.சி. கேட்கவும் இல்லை. எந்த ஊர், எதுக்கு வந்தனீ,
எத்தினை நாளைக்கு, ஒன்றும் இல்லை.
திரை மூலையில் சின்ன வட்டமொன்று சுற்றி
செக்பொயின்ட் என்று எழுத்து வந்தது, போனது.

"அதுக்குப் பிறகு செத்தாலும் பயமில்லை அக்கா,
அங்கயிருந்தே தொடங்கலாம்"
திங்கட்கிழமை விளக்கினான், நான் கேட்காமலே.
இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவன்.
வெடிச் சத்தம் சரியில்லை, என்று மட்டும் சொல்லிப்
பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.
உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

நேற்று இரவு இரண்டு மணிக்குப் பாலம் கடந்துவிட்டேன்.
கடந்த கையோடு கத்தவேண்டும் போல இருந்தது,
பக்கத்து ஃபிளட்டில் கைக்குழந்தை.
அந்தப் பக்கம் ஒரு வீடு. கதவில்
என்று தொடங்கவே
"சொல்லாத! நானும் ஏறப்போறன்!" என்று
கறிக் கையால் காதைப் பொத்தினாள் சஹ்மியா.
லிஃப்ட் வரைக்கும் அப்படியே போனாள்,
தலைத்துணி இரண்டு பக்கமும்
மஞ்சள் அப்பியபடி.