கோட்டையூர், இரண்டாம் கணினி

ஒரே நிரல்தான்.
பெயர் ஒன்று, பதிப்பு எண் ஒன்று,
எழுதியவர்களும் அவர்களேதான்.
முன்னறைக் கணினியில் எந்தப் படத்தையும் திறக்கும்.
பின்னறைக் கணினியில்
இன்று வாயையே திறக்க மறுக்கிறது.

"போன வாரம்வரை நல்லாத்தாண்ணே இருந்துச்சு"
என்கிறாள் அடைக்கலமேரி.
எல்லாக் கணினியும்
போன வாரம்வரை நல்லாத்தான் இருக்கும்.

முன்னறைக் கணினி நேற்றைய இடியில் கருகிப்போனது.
பெஞ்சில் வெள்ளைக்கண்ணு, கொத்தனார்,
சாரத்திலிருந்து விழுந்தவர்.
இடது மணிக்கட்டைத் துண்டில் சுற்றி
வேறு யாருடையதோ போல
மடியில் வைத்திருக்கிறார்.
எக்ஸ்ரே எடுத்தாயிற்று.
அது சுருங்கி, மதுரை டாக்டரின் கைப்பேசிக்குப்
போய்ச் சேர வேண்டும்.
சுருக்கும் நிரல்தான் மக்கர்.

நிரலுக்கும் ஓர் எக்ஸ்ரே உண்டு.
மூன்றெழுத்துக் கட்டளை. தட்டினேன்.
யார் யாரை நம்பி நிற்கிறது என்று
வரிவரியாக இறங்கியது பட்டியல்.
இருபத்தேழு லைப்ரரிகள்,
இருபத்தாறுக்கு முகவரி.
ஒன்றுக்கு மட்டும், அம்புக்குறிக்கு எதிரே,
இல்லை.

கேட்பது ஐந்தாம் எண்.
போன வாரத்து அப்டேட்
ஐந்தைத் தூக்கிவிட்டு ஆறை வைத்திருக்கிறது.
ஆறு நல்லது, புதியது, வேகமானது.
ஐந்தின் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது.

அவசரம். வெள்ளைக்கண்ணு வேறு முனகுகிறார்.
செய்யக்கூடாததைச் செய்தேன்:
ஆறுக்கு ஐந்தென்று பொய்ப்பெயர் ஒட்டினேன்.
நிரல் ஏமாந்தது. திறந்தது.
திரையில் எலும்புகள்,
குறுக்கே முடியளவு வெள்ளைக் கோடு.

"விரிசல் விட்டிருக்கு" என்றேன்.
அடைக்கலமேரி சிரிக்கவில்லை.
"எலும்பு இப்படி ஸ்கேல் வச்சு உடையாதுண்ணே.
பாருங்க, தோலத் தாண்டிப் போகுது.
இடது கைன்னு நாங்க வைக்கிற
ஈய எழுத்தையும் சேத்து வெட்டுது."

படித்தது எக்ஸ்ரே டிப்ளமோ.
எனக்கு வேர்த்துவிட்டது.
ஆறு, ஐந்தின் கணக்கில் படித்து
ஒரு வரியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறது.
அதுபாட்டுக்கு மதுரைக்குப் போயிருந்தால்
உடையாத இடத்தில் உடைத்துக் கட்டியிருப்பார்கள்.

பொய்ப்பெயரை அழித்தேன்.
கருகிய கணினியின் டிஸ்க்கைக் கழற்றி
கேபிளில் மாட்டினேன். சுற்றியது, நல்ல காலம்.
அதே நிரல், வேறொருவர் கட்டிய பொட்டலம்.
அவர் யாரையும் நம்பாத ஆள் போலும்.
வேண்டியதையெல்லாம் தன் மடியிலேயே
முடிந்துகொண்டு வந்திருந்தது அது.
பின்னறைக்குக் கட்டியவர் சிக்கனக்காரர்;
பொதுவில் இருப்பதைத் தனியாக எதற்கு என்று
வீட்டை நம்பி வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.
யாரையும் தப்பு சொல்ல முடியாது.

இந்த வீட்டுக்கே பதினோரு புள்ளி.
நாங்கள் உட்கார்ந்திருக்கும் இரண்டாங்கட்டு
கோயம்புத்தூர் சாத்தப்பன் பங்கு.
கிணறு பொது, வளவு பொது, வாசல் பொது.
கல்யாணம் ஆன மறுமாதம்
பருப்பும் எண்ணெயும் அளந்து கொடுத்து
மகனை அதே கூரைக்குள்
வேறு வைத்துவிடுவார்கள்.
பாசம் குறைவென்று அர்த்தமில்லை.
உப்பு யார் பாத்திரத்தில் எவ்வளவு என்ற
கேள்வி எழாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் எண்ணை எடுத்து வந்தேன்.
பொதுவில் வைக்கவில்லை.
நிரலின் சொந்த அறைக்குள்,
ஆறின் கண்ணில் படாமல் வைத்து
முதலில் இங்கே தேடு என்றேன்.

திறந்தது.
கோடு இல்லை.
மணிக்கட்டுக்குச் சற்று மேலே, யாரும் காட்டாமலே தெரிந்தது
நிஜ முறிவு: கோணலாக, அசிங்கமாக.
அடைக்கலமேரி தலையாட்டினாள். அனுப்பினோம்.
நாலு நிமிடத்தில் பதில்: காலையில் வரச்சொல்லுங்கள்,
வெறும் வயிற்றோடு.

அடுத்த அப்டேட் இதையும் துடைத்துப்போடலாம்.
ஸ்டிக்கரில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன்.
யாரும் படிக்கப்போவதில்லை.

வவுச்சர் புத்தகத்தோடு வந்தாள்.
"முந்நூறு ரூபா. என்ன வேலைன்னு எழுத?"

தனி அடுப்பு, ஒன்று
என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.