நகரும் வீடு

கோப்பைகளைத் துண்டில் சுற்றியாயிற்று.
அலமாரிக் கதவுக்குக் கொக்கி,
எரிவாயு உருளைக்கு வார்.
ஒட்வார் மட்டும் அவிழ்த்துவிட்ட கோழி.
"வீட்டுக்குள்ளே யாராவது
தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்வார்களா குட்னி?"
எண்பதில் ஓடும் வண்டியில்
காபி போட எழுந்துவிட்டார்.

இத்தனைக்கும் முப்பத்தோரு வருடம்
பூடோ படகுகளில் வேலை அவருக்கு:
தளத்தில் ஏறும் லாரிகளுக்குச் சங்கிலி மாட்டி
இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது.
கடலை ஒரு நாளும் நம்பியதில்லை.
தார் ரோட்டை நம்பினார்.

சால்ட்ஃபியெல் மேட்டில், வளைவு தாண்டி,
நட்டநடு ரோட்டில் ஒரு கலைமான்.
பிரேக்கை மிதித்தேன்.
வண்டி நின்றது.
வீடு நிற்கவில்லை.

பாலாடைக்கட்டி சீவும் கரண்டி
என் காதை உரசிக்கொண்டு போய்
முன்கண்ணாடியில் மோதியது.
பின்னாலேயே ஒட்வார்,
முழங்காலில் வழுக்கியபடி
கியர் கம்பி வரைக்கும்,
கையில் கெட்டிலின் பிடி மட்டும்.

மான் எங்களை ஒருமுறை பார்த்தது.
அவசரமே இல்லை அதற்கு.

அவர் எதுவும் பேசவில்லை.
பின்னிருக்கை மெத்தை இடுக்கில் கைவிட்டு
ரொட்டித்தூள், என் கொண்டை ஊசி,
போன கோடையின் ரசீது எல்லாம் எடுத்துப்போட்டு
கடைசியில் வாரை உருவினார்.
கிளிக்.
அப்புறம், சட்டையில் காபி சொட்டச் சொட்ட,
இரண்டு தரம்
இழுத்துப் பார்த்தார்.