கால் அங்குலம்

சனிக்கிழமை பத்து மணி.
நூலகத்தின் நிலவறையில் ஐந்து பிள்ளைகள்.
வெளியே நெப்ராஸ்காவின் ஜனவரி,
பனிக்கு மேலே அறுத்த சோளத்தட்டைகள்
மழிக்காத தாடைபோல.

நான் பள்ளிப் பேருந்து மெக்கானிக்.
முதுகுச் சவ்வு விலகி
நான்கு மாதம் கட்டிலோடு கிடந்தபோது
போர்வை தைக்கக் கற்றேன்.
இவர்களைவிட
ஒரே ஒரு போர்வை மூத்தவன்.
வெள்ளைத் துணியை நான் தொடுமுன்
என் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கிறதா என
ஒவ்வொரு வாரமும் ஜூனி பரிசோதிக்கிறாள்.

முதல் பாடம் முடிச்சு.
முடிச்சுக்கே ஒரு சனிக்கிழமை போயிற்று.
அடுத்தது, நூலின் நீளம்
முழங்கையைத் தாண்டக் கூடாது.
தாண்டியது.
சிக்கியது.
மிரேயா ஸ்பானிஷில் எதையோ சொன்னாள்,
அவள் தம்பி வில்மர் வாயைப் பொத்திக்கொண்டான்.
நான் அர்த்தம் கேட்கவில்லை.

மூன்றாவது பாடம்
துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே,
நூல் பிடித்தாற்போல் நேராக.
நூலைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.
ஏமஸின் தையல்
நாய் மோப்பம் பிடித்துப் போன பாதை.
மிரேயாவின் தையல் முழுக்கக் கோபம்.
அப்திரகிமின் தையல் மட்டும்
எறும்புச் சாரி, அத்தனை நெருக்கம், அத்தனை ஒழுங்கு.
பதினொன்றரை மணிக்கு
அதைக் காட்ட எழுந்தான்.
துணியோடு சேர்ந்து எழுந்தது
அவன் கால்சட்டையின் இடது முட்டி.

அறையே அதிர்ந்து சிரித்தது.
நானும்தான். அதற்குப் பிறகு வெட்கப்பட்டேன்.
தையல் பிரிக்கும் முள்ளை எடுத்துக்கொண்டு
அவன் முன்னே மண்டியிட்டேன்,
முதுகு முனகியது.
"பிரிச்சிடலாம், ரெண்டு நிமிஷம்."
"வேண்டாம்," என்றான்.
"இது ஒண்ணுதான் எனக்கு நேரா வந்திருக்கு."

முட்டியில் நீலப்பூ தொங்க
பனியில் நடந்து போனான்.
அவன் அம்மாவுக்கு இறைச்சி ஆலையில் இரவு வேலை,
அவள் பிரித்துவிடுவாள் என்று நினைத்தேன்.
அடுத்த சனிக்கிழமை
அதே கால்சட்டை,
அதே நீலப்பூ.
மீதி மூன்று ஓரங்களையும் உள்ளே மடித்து
அவனே தைத்து முடித்திருந்தான்.

ஜூனியின் வழக்கு வேறு.
நாலு அங்குலச் சதுரம், வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை.
மூநான்கு பன்னிரண்டு என்று
ஓரத்தாளில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.
விளிம்பும் தைத்து முடித்து
அளந்தால் பத்தரை.
திரும்ப அளந்தாள். பத்தரை.
மேஜைக்கடியில் தேடினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
பணப்பையைத் தொலைத்தவர்
பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பதுபோல.

"ஒன்றரை அங்குலம் எங்கே?"

திருப்பிப் போட்டுக் காட்டினேன்.
ஒவ்வொரு இணைப்பின் முதுகிலும்
ஒளிந்து கிடந்தது கால் அங்குலம்,
இந்தப் பக்கத் துணியினுடையது ஒன்று,
அந்தப் பக்கத்தினுடையது ஒன்று.
"சேரணும்னா ரெண்டு பேரும்
கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும்," என்றேன்.
சொன்னதும் எனக்கே பிடித்துப்போனது,
சுவரில் எழுதி மாட்டலாம் என்றுகூடத் தோன்றியது.

"துணியைக் கேட்டீங்களா?" என்றாள்.

சுவரில் எதுவும் மாட்டவில்லை.

மார்ச் கடைசியில் பெற்றோர் வந்தார்கள்.
மிரேயாவின் போர்வைக்கு ஐந்து மூலைகள்,
எப்படி என்று எவருக்கும் தெரியவில்லை.
வில்மர் பஞ்சு வைக்க மறந்து
அதைத் தலையணை உறை என்று சாதித்தான்.
ஏமஸ் வரவில்லை, அம்மை.
பத்தரை அங்குலப் போர்வையைக் கையிலெடுத்து
ஜூனியின் அப்பா கேட்டார்,
"இது யாருக்கு, பொம்மைக்கா?"

"என் இடது காலுக்கு.
அதுதான் ராத்திரி வெளியே போயிடுது."

ஏப்ரலில் வலது காலுக்குத் தொடங்கினாள்,
முடிச்சிலிருந்து.
இம்முறை ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலம்.
ஏன் என்று கேட்டேன்.
கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"திருட்டுக்கும் சேர்த்து," என்றாள்.