பத்து மில்லி

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது.
இனி ஜனவரி இருபத்தைந்தில்தான் வரும்.
இசஃபியோர்தூரில் இது செய்தியே அல்ல,
பால் தீர்ந்துவிட்டது என்பது போல ஒரு தகவல்.

நாற்பத்தொரு குளிர்காலம் எனக்கும் பழகியிருந்தது.
நாற்பத்திரண்டாவதில் ஏதோ ஒன்று
என்னைக் கேட்காமல் என் மேல் உட்கார்ந்துகொண்டது.
அழுகை இல்லை.
அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது.
வேலைக்குப் போனேன், காட் மீனுக்கு முள் எடுத்தேன்,
வந்தேன், பூட்ஸோடு படுத்தேன்.
யாராவது "எப்படி இருக்கிறாய், ஸ்டெய்னுன்?" என்றால்
"இருக்கிறேன்" என்றேன்.
அதில் பொய் இல்லை.

எதிர் வரிசையில் முள் எடுக்கும் போழெனா, போலந்துக்காரி,
இடைவேளையில் என் கோட்டுப் பைக்குள் ஒரு குப்பியைப் போட்டாள்.
பெர்கமோட் எண்ணெய், என்றாள்.
இத்தாலியில் காய்க்கும் ஒருவகை எலுமிச்சை,
வாயில் வைக்க முடியாது, அப்படிக் கசக்கும்,
தோலைப் பிழிந்தால் இது.
மனதைத் தூக்கிவிடுமாம்.
நான் சொல்லவில்லை,
பெட்டியில் எழுதியிருக்கிறது.

சுண்டுவிரல் உயரம், பழுப்புக் கண்ணாடி.
கவிழ்த்துப் பிடித்தால்
ஒரு சொட்டு விழ யோசித்து யோசித்து விழும்.

ஹீட்டர் மேல் கிண்ணத்தில் வெந்நீர். மூன்று சொட்டு.
முதல் இரவு ஒன்றும் ஆகவில்லை.
எங்கோ தெற்கில், வெயிலில்,
யாரோ பச்சைத் தோலைக் கீறிய அந்த ஒரு நொடி மட்டும்
அறைக்குள் வந்தது,
சுற்றும்முற்றும் பார்த்தது,
உட்கார இடமில்லை,
நாற்காலி முழுக்கத் துணி.
போய்விட்டது.

இரண்டாம் இரவும் அப்படித்தான்.
மூன்றாம் இரவு வெந்நீர் வைக்கவே மறந்தேன்.

நான்காம் இரவு
அந்த மணத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றிருந்தது.
புளித்தது. கம்பளிக்குள் வியர்த்துக் காய்ந்து
மறுபடி வியர்த்தது.
நெடுநாள் விடுப்பு முடிந்து வந்த ஆள் போல என் மூக்கு
ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தது:
மீன் இல்லை, டீசல் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை.
தலையணை.
தலையணையில் என் தலை.
என் நாற்றம்.

வெட்கமாக இருந்தது.
பிறகுதான் உறைத்தது,
வெட்கமாவது வந்ததே.

இரவு இரண்டு மணிக்கு உறையை உருவினேன்.
போர்வையை உருவினேன், நாற்காலியைக் காலி செய்தேன்,
சலவை இயந்திரம் எழுந்து ஆடத் தொடங்கியது.
மேல்மாடி குட்பியார்தூர் தரையை ஓங்கித் தட்டினார்.
துடைப்பக் கம்பால் கூரையை நானும் தட்டினேன்.
அவர் தட்டினார். நான் தட்டினேன்.
அந்தக் குளிர்காலத்தில் நான் ஒருவரோடு
அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.
ஷவரில் நின்றபோது
தண்ணீரின் சத்தத்துக்குள் எனக்கு அழுகை கிடைத்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன்.
இதற்குப் பெயர் உண்டு என்றார், மாத்திரை எழுதினார்,
வாராவாரம் வந்து பேசச் சொன்னார்.
குப்பியையும் காட்டினேன்.
"முகர்ந்துகொள், குடித்துவிடாதே" என்றார்.
திருப்பித் தருவதற்கு முன் இன்னொரு முறை முகர்ந்தார்,
பரிசோதனைக்குத் தேவையானதைவிடச் சற்று நேரம் கூட.

இன்றும் சில காலைகளில்
அது முழு எடையோடு மேலே உட்கார்ந்திருக்கிறது.
எழ ஒரு மணி நேரம் ஆகிறது.
எழுகிறேன்.

ஜனவரி இருபத்தைந்து. மேகம்.
சூரியன் மலைக்கு மேல் வந்துவிட்டதாக நம்பி
வழக்கம்போல ஊரே காப்பி போட்டது,
மெல்லிய அப்பம் சுட்டது,
தெருவெல்லாம் வெண்ணெய் கருகும் வாசம்.

ஆலையின் சாப்பாட்டு அறையில் போழெனா கேட்டாள்:
"தூக்கியதா?"

"தலையணையைத் தூக்கியது" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.
அப்பத்தை நான்காக மடித்து
வாயில் திணித்துக்கொண்டு
என் தலைமுடியை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.